லேனில் ஆயில் எவ்வளவு? கையில் எந்தப் பந்து?

கம்பெனி டென்பின் பவுலிங் (பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் ஆட்டம்) டோர்னமென்ட்டில் முதல் கேமில் பந்து அழகாக வளைந்து பாக்கெட்டில், அதாவது முதல் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் இடையில் விழுந்தது. மூன்றாவது கேமில் அதே பந்தை அதே மாதிரி வீசினாலும் சீக்கிரமே திரும்பி முதல் பின்னின் நெற்றியில் மோதுகிறது. பந்து கெட்டுவிட்டதா?
- வாசகர், வியாசர்பாடி

பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஓடும் தளமான லேன்தான் மாறிவிட்டது. தெருமுனையில் கேரம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. பவுடர் போட்ட கையோடு ஸ்டிரைக்கர் வழுக்கிக்கொண்டு ஓடும். நாலு போர்டு ஆடியபின் அதே சுண்டலுக்குப் பாதியில் நின்றுவிடும். லேனில் அந்த வேலையைச் செய்வது ஆயில். வீசுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் லைனிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் முதல் 40 அடி வாக்கில்தான் ஆயில் போடுவார்கள். ஆயிலில் வழுக்குகிற பந்து, காய்ந்த இடம் வந்ததும் பிடித்துத் திரும்பும். ரியாக்டிவ் பந்துகள் (நுண்துளை உள்ள ரெசின் மேல்தோல் போட்டவை) ஓடுகிற தடத்து ஆயிலை உறிஞ்சிக்கொண்டே போவதால், இரண்டு கேமில் அந்தத் தடம் காய்ந்துவிடுகிறது. பந்து முன்னாலேயே பிடிப்பது இதனால்தான்.

லேன் நெடுக ஓடும் பலகைகளைக் கணக்காக வைத்து, வலது கைக்காரர் என்றால் காலை இடப்பக்கம் 2 பலகையும் குறியை 1 பலகையும் நகர்த்துங்கள். லேனின் நடுவில்தான் ஆயில் கனமாக இருக்கும். பந்து மறுபடி வழுக்கும். இரண்டு மூன்று தடவை நகர்ந்தும் அடங்கவில்லையென்றால் பந்தை மாற்றலாம்.

முதல் பந்து வாங்கப் போகிறேன். இருப்பதிலேயே அதிகம் ஹூக் ஆகும் (வளையும்) பந்தை வாங்கச் சொல்கிறார் நண்பர். சரியா?
- வாசகி, தண்டையார்பேட்டை

வேண்டாம். நிறையப் பேர் பணத்தை விடுவது இதில்தான். பளபளப்பில்லாத சாலிட் ரியாக்டிவ் மேல்தோலும் பலமான கோரும் (உள்ளே இருக்கும் எடைக்கட்டி) உள்ள பந்து, கனமான ஆயிலுக்காகச் செய்யப்பட்டது. காய்ந்த லேனில் அது பாதி தூரத்திலேயே பிடித்து, தன் வேகத்தையெல்லாம் அங்கேயே செலவழித்துவிடும். பின்னை அடிக்கும்போது சக்தி இருக்காது. பாக்கெட்டில் விழுந்தாலும் ஓரத்துப் பின் அசையாமல் நிற்கும்.

நடுத்தர ஆயிலுக்கு ஏற்ற, சிமெட்ரிக் (சமச்சீரான) கோர் உள்ள ரியாக்டிவ் பந்தாக எடுங்கள். மேல்தோல் 2000 கிரிட் வாக்கில் இருக்கட்டும் (கிரிட் எண் கூடக் கூட வழுவழுப்பு கூடும்). கோரைவிட இந்த மேல்தோலைத்தான் நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வோம். ஆயில் கூடினால் 1000 கிரிட் பேடால் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம், குறைந்தால் பாலிஷ் போடலாம். அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி, போட்டி தொடங்கியபின் தேய்க்க முடியாது, முன்னாலேயே செய்துகொள்ளுங்கள். இரண்டாவது பந்துக்குக் காசிருந்தால் பிளாஸ்டிக் வாங்குங்கள். அது ஆயிலைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் நேராகப் போகும். மிச்சம் நிற்கும் ஒற்றைப் பின்னை எடுக்க அதற்கு ஈடில்லை. காய்ந்த லேனில், முத்துப்போல் மினுங்கும் மேல்தோலுள்ள பேர்ல் ரியாக்டிவ் அல்லது ரியாக்டிவைவிட மெதுவாக வளையும் யூரித்தேன் பந்து கைகொடுக்கும்.

லேனில் ஆயில் கண்ணுக்கே தெரியவில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், பெரம்பூர்

திரும்பி வரும் பந்தைத் துடைக்காமல் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளையம் வளையமாக ஆயில் கோடுகள் தெரியும். விரல் வைத்தால் வழவழவென்று ஈரம் ஒட்டினால் கனமான ஆயில். மங்கலான கீற்றாக மட்டும் இருந்தால் லேன் காய்ந்துகொண்டிருக்கிறது. பார்த்துவிட்டுத் துடையுங்கள்.

ஆயில் எத்தனை அடி என்று அரங்கில் சொல்வார்கள் என்றால், அதிலிருந்து 31-ஐக் கழியுங்கள். 42 அடி என்றால் 11. உங்கள் பக்கத்து ஓரத்திலிருந்து 11-ஆவது பலகை வாக்கில் பந்து திரும்பத் தொடங்க வேண்டும். இது தொடக்கக் கணக்குதான். பந்து சொல்வதையே நம்புங்கள்.

ஐம்பது அறுபது கேம் ஆடியபின் பந்து வளையவே மறுக்கிறது.
- வாசகர், ராயபுரம்

மேல்தோலின் நுண்துளைகள் ஆயிலால் அடைத்திருக்கின்றன. விரல் துளைகளில் தண்ணீர் புகாதபடி டேப் ஒட்டுங்கள். பக்கெட்டில் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலான, 55 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு 20 நிமிடம் ஊற வையுங்கள். ஆயில் மேலே மிதந்து வரும். துடைத்து, நீரை மாற்றி, ஆயில் வருவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். காய்ந்ததும் 500, 1000, 2000 கிரிட் பேடுகளால் வரிசையாக, பந்தின் எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்த்தால் பழைய பிடிப்பு வந்துவிடும். ஒவ்வொரு வீச்சுக்கும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் இந்த வேலை அடிக்கடி வராது.

சூடு விஷயத்தில் மட்டும் அவசரம் காட்டாதீர்கள். கொதிநீர், ஓவன் இரண்டும் பந்தில் விரிசல் விழ வைக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியும் அப்படித்தான். பந்தை ஏ.சி. அரங்கிலிருந்து நேரே அதற்குள் போடாமல், துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.