ஒரு மில்லி விநாடி போதுமா?

அன்புள்ள ஐயா,

ஹைப்பர்சோனிக் (ஒலியைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வேகமான) சறுக்கு ஊர்திகளின் மாதிரியை ஷாக் டனல் என்ற அதிவேகக் காற்றுச் சோதனைக் குழாயில் வைத்துச் சோதிக்கும்போது காற்று ஒரு மில்லி விநாடிதான் வீசும் என்று எழுதியிருந்தீர்கள். நிஜ ஊர்தி பல நிமிடம் பறக்கிறதே, இதை எப்படி நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நேரம் குறைவு என்பது இங்கே பெரிய குறையே அல்ல. காற்று விநாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் வந்தால் 30 செ.மீ. மாதிரியைக் கடக்க 0.15 மில்லி விநாடி ஆகும். ஆக, புதுக்காற்று ஆறு தடவைக்கு மேல் ஓடிவிடும். ஓட்டம் நிலைகொள்ள மூன்று தடவை பொதுவாகப் போதும். மாதிரியின் பின்பக்க மடிப்பு மூலையில் காற்று பிரிந்து சுழலுமே, அங்கே மட்டும் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த இடத்து அளவுகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அறை வெப்பநிலைக் காற்றையே நாசிலில் (காற்றை விரித்து வேகப்படுத்தும் குழல்) விரியவிட்டு நெடுநேரம் வீசலாமே என்று தோன்றும். மாக் 10-க்கு, அதாவது ஒலியின் பத்து மடங்கு வேகத்துக்கு, விரிந்தால் அது மைனஸ் 259 டிகிரிக்குப் போக வேண்டும், அதற்கு வெகு முன்பே திரவமாகிவிடும். எனவே முதலில் சூடாக்கியாக வேண்டும். ஷாக் டனலில் அதிர்வலையே அதைச் செய்கிறது. குழாயின் ஒரு பக்கம் உயர் அழுத்த ஹீலியம், மறுபக்கம் காற்று, நடுவே சிலுவைக் கோடு கீறிய அலுமினியத் தகடு. தகடு கிழிந்ததும் ஹீலியம் பாய்ந்து எழுப்பும் அதிர்வலை காற்றைச் சூடாக்கும். கீறல் ஆழம் சீராக இல்லாவிட்டால் தகடு நான்கு இதழாக மடியாமல் துண்டு பிய்ந்து பறந்து மாதிரியின் மூக்கில் அடிக்கும். வெப்பம் அளக்க அங்கே பீங்கான்மேல் பூசிய பிளாட்டினப் படல உணரி அத்தோடு போச்சு. இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாது: ஹீலியம் முந்திக்கொண்டு காற்றில் கலந்துவிடும். நாசிலுக்கு முன் எடுக்கும் அழுத்தக் கோடோ அப்போதும் தட்டையாகவே இருக்கும். கோடு தட்டையாக இருக்கும் நேரம் முழுவதையும் சோதனை நேரமாக எடுத்துக்கொள்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

உண்மையான குறை மாதிரியின் மேல்தோலில் இருக்கிறது. ஒரு மில்லி விநாடியில் அது பெரும்பாலான இடங்களில் சில பத்து டிகிரிகூடச் சூடேறாது, பறக்கும் ஊர்தியிலோ ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அழுத்தம், விசை, வெப்பப் பாய்வு ஆகியவற்றை ஷாக் டனல் சொல்லும். தோல் தேய்வதை, உரிவதைச் சொல்லாது. 2011 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்பாவின் எச்.டி.வி.-2 சறுக்கு ஊர்தி மாக் 20 வேகத்தில் சுமார் மூன்று நிமிடம் நிலையாகப் பறந்தது. பிறகு தோல் எதிர்பார்த்ததைவிடப் பெரிய துண்டுகளாக உரிந்து, அதனால் எழுந்த அதிர்வலைகள் ஊர்தியைப் புரட்டின. தோலைச் சோதிக்க மின்வில்லால் காற்றைச் சூடாக்கும் பிளாஸ்மா டனல் வேண்டும். அது நிமிடக்கணக்கில் ஓடும், ஆனால் மாக் எண் பொருந்தாது. சரியான மாக் எண், நீண்ட நேரச் சூடு இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை.

அடுத்த முறை ஆய்வுக் கட்டுரை ஏதாவது படித்தால், மாக் எண்ணுக்கு அடுத்தபடியாகச் சுவர் வெப்பநிலை (மேல்தோலின் சூடு) கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.