அரிசிக்கு ஓர் இழுவைப் படகு

அன்புள்ள ஐயா,

ஹாங்காங் வீழ்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையில், "பக்கத்திலிருந்த மக்காவ் நடுநிலை வகித்ததால் தப்பியது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சுற்றிலும் ஜப்பான் ராணுவம், நடுவில் ஒரு போர்த்துகீசியக் கொடி. கொடியைப் பார்த்தா அவர்கள் திரும்பிப் போனார்கள்? மக்காவ் ஜப்பானோடு வியாபாரம் செய்ததாகவும் படித்திருக்கிறேன். அதற்குப் பெயர் நடுநிலையா, துணைபோவதா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

அவசரத்தில் எழுதிய வரி அது. மாட்டிக்கொண்டேன்.

கொடிக்கு மரியாதை இல்லை என்பதற்குத் தீமோரே சாட்சி. அதுவும் போர்த்துகீசியக் காலனிதான். 1941 டிசம்பரில் டச்சு, ஆஸ்திரேலியப் படைகள் முந்திக்கொண்டு அங்கே இறங்கின. லிஸ்பனிலிருந்து போர்த்துகல் பிரதமர் சலாசார் ஆட்சேபித்தார். 1942 பிப்ரவரியில் ஜப்பான் வந்து பிடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரே கிடக்கும் தீவை அவர்கள் விட்டுவைப்பார்களா? மக்காவ் அப்படியில்லை. வண்டல் மேடிட்ட துறைமுகம், பெரிய கப்பல் நுழையாது. பிடித்தால் ஊர் முழுக்க நிரம்பியிருந்த அகதிகளுக்குச் சோறு போட வேண்டும். விட்டுவைத்தால் எல்லாத் தரப்பும் வந்துபோகிற ஒரு சந்தை மிஞ்சும். மக்காவைத் தொட்டால் போர்த்துகலின் பழைய காலனியான பிரேசில், அங்கே குடியேறியிருந்த ஜப்பானியர்கள்மேல் கைவைக்கும் என்று எண்ணித்தான் தொடவில்லை என்றும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 1942 ஜனவரியிலேயே பிரேசில் ஜப்பானோடு உறவை முறித்துக்கொண்டது. அப்புறமும் மூன்றரை வருஷம் மக்காவில் போர்த்துகீசிய கவர்னர்தானே இருந்தார்!

தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1943 ஆகஸ்டில் மக்காவ் துறைமுகத்துக்குள்ளேயே வந்து, அங்கே ஒதுங்கியிருந்த 'சியான்' என்ற பிரிட்டிஷ் கப்பலை ஜப்பானியர் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுநிலையின் கனம் அவ்வளவுதான்.

வியாபாரத்துக்கு வருகிறேன். மக்காவில் வயல் கிடையாது. அரிசி வெளியிலிருந்து வந்தாக வேண்டும், வெளி முழுக்க ஜப்பான் கையில். கவர்னர் தெய்ஷெய்ராவின் நிர்வாகத்தில் பொருளாதாரப் பொறுப்பு தீமோரில் பிறந்த பெத்ரோ லோபோவிடம் இருந்தது. கூட்டுறவு என்று பெயர் வைத்து ஒரு கம்பெனி நடந்தது. பின்னாளில் சூதாட்ட விடுதிகளின் அதிபரான ஸ்டான்லி ஹோ, ஹாங்காங்கிலிருந்து தப்பி வந்து இளைஞராக அதில்தான் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றில் ஒரு பங்கு லோபோவுக்கு, ஒரு பங்கு உள்ளூர்ப் பணக்காரக் குடும்பங்களுக்கு, இன்னொன்று ஜப்பான் ராணுவத்துக்கு என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அரசாங்கத்திடம் உபரியாகக் கிடந்த இழுவைப் படகு, தொலைபேசிச் சாமான் எல்லாம் போகும். பதிலுக்கு அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் வரும். ஒரு சர்க்கார் வீட்டுப் பாத்திரத்தை அடகு வைத்து உலை ஏற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தெருவில் பசியால் செத்தவர்களை வண்டியில் அள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பங்குதாரர்கள் யாரும் மெலிந்ததாகத் தெரியவில்லை.

இதே ஊரில் பிரிட்டிஷ் கான்சல் ஜான் ரீவ்ஸ் யுத்தம் முடியும்வரை தன் கொடியை இறக்கவில்லை. ஆயிரக்கணக்கான அகதிகளுக்குப் படி கொடுத்துக் காப்பாற்றினார். அந்தப் படிக்காசில் அவர்கள் வாங்கிய அரிசி எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதனால் இந்த விஷயத்தில் "துணைபோவது" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

விமான பெட்ரோல் விஷயத்தில் மட்டும் "துணைபோவதா" என்று நீங்கள் கேட்டது சரி. கடல்விமானக் கொட்டகையில் இருப்பு வைத்திருந்த பெட்ரோலை மக்காவ் ஜப்பானுக்கு விற்கப்போகிறது என்று அமெரிக்கர்களுக்குத் தகவல் போனது. படகுக்குச் சொன்ன சமாதானத்தை இதற்குச் சொல்ல முடியாது. 1945 ஜனவரி 16 அன்று அமெரிக்க விமானங்கள் வந்து கொட்டகையைக் கொளுத்திவிட்டுப் போயின. நடுநிலை மண்ணில் குண்டு போட்டதாக லிஸ்பன் கணக்கு அனுப்பியது. 1950இல் வாஷிங்டன் 2 கோடி டாலருக்கு மேல் எண்ணி வைத்தது.