டேஷ்போர்டு வேலைக்குப் பயிற்சிக் கட்டணம் இப்போதே வேண்டாம்

பி.காம். இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள் இணையக் கடைகளின் விற்பனைத் தரவைப் பகுத்தாயும் வேலைக்குச் செல்ல விரும்புவதாகவும், அதற்காகப் பெருந்தொகை கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. டேஷ்போர்டு, அதாவது முக்கிய எண்களையும் வரைபடங்களையும் ஒரே திரையில் காட்டும் பலகை, அமைக்க உதவும் பவர் பிஐ டெஸ்க்டாப், லுக்கர் ஸ்டுடியோ என்ற மென்பொருள்கள் இரண்டுமே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எக்செல் நன்கு தெரிந்தவர் அவற்றை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம்.

கடினமானது வேறு. டேஷ்போர்டில் 'விற்பனை' என்று காட்டப்படும் எண், வந்த ஆர்டர்களின் மதிப்பா, அனுப்பியவற்றின் மதிப்பா, திரும்பி வந்தவை போக மிஞ்சியதா என்பதை அதை அமைப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். சொந்த இணையதளத்தில் கேஷ் ஆன் டெலிவரி முறையில் விற்பவருக்கு, வாடிக்கையாளர் வாங்க மறுத்த பார்சலால் போக வர இருமுறை கூரியர் செலவு ஏற்படக்கூடும் என்பதால், முதல் எண்ணை மட்டும் நம்பினால் நட்டம் கண்ணுக்கே தெரியாது. அதேபோல, 1,000 பேர் பார்த்து 20 பேர் வாங்கிய கடையில், விளம்பரத்துக்குப் பின் 2,000 பேர் பார்த்து 30 பேர் வாங்கினால், கன்வெர்ஷன் ரேட் (பார்த்தவர்களில் வாங்கியவர்களின் விகிதம்) 2 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைகிறது, ஆர்டர்களோ கூடுகின்றன. கூடுதலான 10 ஆர்டர்களின் லாபம் விளம்பரச் செலவை ஈடுகட்டியதா என்று கேட்க, தங்கள் மகளைப் போல வணிகவியலில் அடக்கவிலைக் கணக்கியல் படித்தவருக்குத்தான் முதலில் தோன்றும். ஆகவே பொறியியல் படிக்கவில்லையே என்ற கவலை தங்களுக்கு வேண்டியதில்லை.

பயிற்சிக்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தின் தரவுக் களஞ்சியத்தில் உள்ள 'ஆன்லைன் ரீடெய்ல்' தொகுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஓர் இணையப் பரிசுப்பொருள் கடையின் 2010 டிசம்பர் முதல் 2011 டிசம்பர் வரையிலான 5,41,909 வரிகள் அதில் உள்ளன. ரத்தான பில்களின் எண் 'சி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதைக் கவனிக்காமல் பில்களை எண்ணினால் ரத்தானவையும் ஆர்டர்களாகச் சேர்ந்துவிடும். பல வரிகளில் வாடிக்கையாளர் எண்ணே இல்லை. அவற்றை விட்டுவிட்டு, மீண்டும் வாங்கியவர்களின் விகிதத்தைச் சொல்வது சரியா என்று யோசித்து, எடுத்த முடிவையும் காரணத்தையும் டேஷ்போர்டுடன் எழுதி வைக்கட்டும். நேர்முகத் தேர்வில் அவர் தயக்கமின்றி விளக்க வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.

மூன்று மாதம் இப்படிப் பழகியும், தரவுத்தளத்திலிருந்து தேவையான தரவைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லில் தடுமாற்றம் இருந்தால், அந்தப் பாடத்துக்கு மட்டும் வகுப்பில் சேருங்கள். வேலை உத்தரவாதம் என்று சொல்லும் நிறுவனமானால், அந்த உறுதியையும் பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனைகளையும் எழுத்தில் வாங்கிப் படித்த பிறகே கட்டணம் செலுத்துங்கள்.