ஆயிரத்தில் ஒன்று என்றால் ஈர்ப்பலை 99.9% உறுதியா?

கேள்வி: 2023இல், கடிகாரம்போல் சீராகத் துடிப்பு அனுப்பும் பல்சார் விண்மீன்களின் 15 வருடத் தரவில் ஈர்ப்பலைக்கு, அதாவது வெளியையே நீட்டிச் சுருக்கிப் பரவும் அலைக்கு, சான்று கிடைத்தது. அது தற்செயலாக அமையும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாம். அப்போ 99.9% உறுதிதானே?

இல்லை. திருகோணமலையில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். நிகழ்தகவில் என் பிள்ளைகள் அதிகம் தடக்குப்படும் இடமும் இதுதான். அலை இல்லாவிட்டாலும் இப்படித் தரவு கிடைக்கும் வாய்ப்பு வேறு, தரவு கிடைத்தபின் அலை இல்லாதிருக்கும் வாய்ப்பு வேறு. ஆயிரத்தில் ஒன்று என்பது முதலாவது.

வட அமெரிக்காவின் நானோகிராவ் குழு 67 பல்சார்களை எடுத்தது. சோடி சேர்த்தால் 2211. துடிப்புகள் பிந்துவதும் முந்துவதும் ஒவ்வொரு சோடியிலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தார்கள். ஈர்ப்பலை இருந்தால், வானில் அருகருகே உள்ளவை சேர்ந்தும், 80 பாகை அளவில் விலகியவை எதிரெதிராகவும், நேரெதிரே உள்ளவை மறுபடி ஓரளவு சேர்ந்தும் ஆடவேண்டும். ஹெலிங்ஸ், டவுன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் கணித்த வளைகோடு அது. பிறகு ஒவ்வொரு பல்சாரின் இரைச்சலையும் (தற்செயல் ஏற்ற இறக்கத்தையும்) அப்படியே விட்டு, சோடிகளுக்கிடையிலான தொடர்பை மட்டும் கணினியில் குலைத்துத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் தரத்தில் ஒரு தரம்தான் அசல் தரவளவு பலமான அடையாளம் தெரிந்தது.

டச்பேயில் வள்ளங்களைக் காட்டிப் பிள்ளைகளிடம் சொல்வேன்: ஒரு வள்ளம் மட்டும் ஆடினால் அதில் யாரோ ஏறியிருக்கலாம், எல்லாமே ஒரே மாதிரி ஆடினால் நாங்கள் இருக்கும் வள்ளம் ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். பூமியின் கடிகாரம் பிழைத்தால் எல்லாப் பல்சார்களும் ஒன்றாகப் பிந்தும். வியாழனின் பாதையைப் பிழையாக எடுத்தால் சூரியக் குடும்பத்தின் மையம் தவறி, வானத்தின் ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தும். ஈர்ப்பலையின் வடிவம் இரண்டிலிருந்தும் வேறு.

1991இல் ஒரு பல்சாரைக் கோளொன்று ஆறு மாதத்துக்கொருமுறை சுற்றுவதாக அறிவித்தார்கள். ஆறு மாதம், நம் வருடத்தில் சரிபாதி! பூமியின் நீள்வட்டப் பாதையைச் சரியாகத் திருத்தாததால் வந்த போலி அது. 1992 ஜனவரியில், அறிவித்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ லைன் தானே மேடையேறி அதைத் திரும்பப் பெற்றார். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு. தரவில் ஏற்ற இறக்கம் உண்மையாகவே இருந்தது; பூமி என்ற காரணம்தான் கணக்கில் விடுபட்டிருந்தது. சேர்க்காத காரணத்தை எந்த நிகழ்தகவும் காட்டாது.

உங்கள் கேள்விக்குக் கிட்டிய எண் பேய்ஸ் காரணி: தரவைப் பார்த்தபின் அலைப்பக்கச் சாய்வு எத்தனை மடங்கு கூடுகிறது என்பது. மாதிரியை அமைக்கும் விதத்தைப் பொறுத்து அது 200 முதல் 1000 வரை வந்தது. முதலில் "பத்துக்கு ஒன்றுதான் அலைப்பக்கம்" என்று சந்தேகித்தவரும், 200ஆல் பெருக்கினால் "ஒன்றுக்கு இருபது" என்று அலைப்பக்கம் வந்துவிடுவார். ஐரோப்பிய-இந்திய, அவுஸ்திரேலிய, சீனக் குழுக்களும் அதே நாளில் ஒத்த முடிவுகளை வெளியிட்டதால் நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் தற்செயல் வாய்ப்பு இதைவிட மிகமிகக் குறைவாக இருக்கவேண்டும் என்ற வழக்கமான 5 சிக்மா எல்லையைத் தொடாததால் நானோகிராவ் குழுவினர் "சான்று" என்றே எழுதினார்கள், "கண்டுபிடிப்பு" என்று எழுதவில்லை.