பள்ளி நாடகத்துக்குச் சவுண்டு செட்: நன்கொடையாக எதைக் கேட்பது, எதை மறுப்பது?

கேள்வி: எங்கள் பள்ளி நாடகக் குழுவுக்கு நான்தான் பொறுப்பாசிரியர். அரங்கில் சுமார் 300 பேர் உட்காரலாம். பழைய ஸ்பீக்கர் இரண்டு, சின்ன மிக்சர் ஒன்று, மேடை விளிம்பில் மூன்று மைக். கடைசி வரிசைக்கு வசனம் கேட்பதில்லை. சத்தத்தைக் கூட்டினால் மைக் கூவுகிறது. பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் உதவத் தயார். ஒருவர் தன்னிடமுள்ள பழைய சவுண்டு செட்டை அப்படியே தருகிறேன் என்கிறார். எட்டு வயர்லெஸ் மைக் வாங்கினால் பிரச்சினை தீருமா?

பதில்: எட்டு வேண்டாம், நல்லதாக நான்கு போதும். அதையும் இந்த வாரமே வாங்க வேண்டாம்.

நடிக்கும் பிள்ளைக்கும் விளிம்பு மைக்குக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டராவது இருக்கும். அவ்வளவு தூரத்தில் வசனம் மெலிந்துபோய்தான் மைக்கில் விழும். ஸ்பீக்கர் சத்தமும் அதிலேயே விழுந்து சுற்றிச் சுற்றி வரும், அதுதான் கூவல். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். எட்டையும் ஒரேயடியாகத் திறந்துவைத்தால், ஒரே மைக் இருக்கும்போது கிடைப்பதில் 9 டெசிபல் போச்சு.

அதனால் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒரு பிள்ளையை மேடையில் பேசவிட்டு, நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். முதலில் மைக் இல்லாமல், பிறகு ஒரே ஒரு மைக்கோடு. அடுத்து ஸ்பீக்கர்களை மைக்குகளைவிட ஒன்றிரண்டு மீட்டர் முன்னால், பார்வையாளர் தலைக்கு மேலே வரும்படி ஸ்டாண்டில் ஏற்றி அதே வசனத்தைக் கேளுங்கள். பல பள்ளிகளில் ஸ்பீக்கர் மேடைக்குப் பின்புறமோ தரையிலோதான் கிடக்கும். இடம் மாற்றியதுமே பாதிப் பிரச்சினை போய்விடுவது உண்டு. உம்மென்ற இரைச்சல் இருந்தால், மைக் கேபிள் மின்கம்பியோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். பிரித்துப் போடுங்கள்; குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள்.

இதற்குப் பிறகு மிஞ்சும் குறைக்குத்தான் நன்கொடை. முதலில் கன்னத்தை ஒட்டி நிற்கும் ஹெட்செட் மைக். வாய்க்கு இரண்டு மூன்று சென்டிமீட்டரில் இருப்பதால் கூவுவதற்கு வெகுநேரம் முன்பே குரல் எழும்பிவிடும். சட்டையில் குத்தும் மைக்கைவிடத் திரைக்குப் பின்னால் கைமாற்றுவதும் எளிது. மலிவான எட்டு செட் வாங்கினால், ஒன்றின் அலைவரிசையில் மற்றொன்று மூக்கை நுழைக்கும். நல்ல நான்கை ஆள் மாற்றி மாட்டிச் சமாளிக்கலாம். இரண்டாவது டிஜிட்டல் மிக்சர். காட்சிக்குக் காட்சி எந்த மைக் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பதிந்துவைத்து, மாணவரே ஒரு பொத்தானில் மாற்றலாம். புது ஸ்பீக்கர் கடைசியில்.

கேட்கும் விதமும் முக்கியம். “சவுண்டு சிஸ்டத்துக்கு நிதி” என்றால் யாருக்கும் மனதில் ஒன்றும் நிற்காது. “ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரு மைக்” என்று பிரியுங்கள். கேபிளுக்கென்று தனியாக யாரும் பணம் தர மாட்டார்கள் (என் அனுபவத்தில் ஒருவரும் தந்ததில்லை). ஆகவே ஹெட்செட், இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், உதிரி கேபிள், ரீசார்ஜ் பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லுங்கள். வசூலில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுக்கு ஒதுக்குங்கள். வியர்வையால் முதலில் போவது ஹெட்செட் கேபிள்தான். பணம் பள்ளிக் கணக்குக்கே போகட்டும். வரிச்சலுகை ரசீது கிடைக்குமா என்பதை அலுவலகத்தில் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

முடிந்தால் ஒத்திகைக்கு நான்கு மைக் வாடகைக்கு எடுத்து, ஒரே காட்சியைப் பழைய மைக்கிலும் புதியதிலும் நடத்திக் காட்டுங்கள். நன்கொடையாளர்களைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள்.

சரி, அந்தப் பழைய செட்? மொத்தமாக வாங்கிக்கொள்ளாதீர்கள், ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் அழுத்துங்கள். பொடியாக உதிர்ந்தால் அது உளுத்துவிட்டது. கூம்பின் நடுவை இரு பக்கமும் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளும்போது உரசினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (coil) கெட்டிருக்கிறது. மிக்சரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்துபிடியை (ஃபேடர்) நகர்த்தும்போது கரகரத்தால் சுத்தம் செய்து பார்க்கலாம். வயர்லெஸ் மைக்கில் மட்டும் கறாராக இருங்கள். ரிசீவரின் பின்புற லேபிளில் அலைவரிசை இருக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியைப் பல நாடுகள் மொபைல் சேவைக்குக் கொடுத்துவிட்டன, சில நாடுகளில் 600-லும் ஒரு பகுதி போய்விட்டது. அங்கே பழைய மைக்கைப் பயன்படுத்துவது சட்டவிரோதமாகவும் இருக்கலாம், நாடகத்தின் நடுவில் குரல் அறுந்தும் போகலாம். உங்கள் நாட்டு அனுமதிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் மறுத்துவிடுங்கள்.

ஸ்டாண்டுகளையும் நல்ல கேபிள்களையும் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தபின் அதை வைத்துக்கொள்வதும் கழிப்பதும் பள்ளியின் விருப்பம் என்று இரண்டு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சங்கடமாக இருந்தால், எல்லா நன்கொடையாளருக்கும் ஒரே படிவம் என்று சொல்லிவிடலாம்.