சாப்பாட்டுக்குப் பொறுப்பானவரும் படத்துக்குப் பொறுப்பானவரும்

கேள்வி: நான் அனுப்பிய பிரெஞ்சு சினிமா கட்டுரையில் 'ரெழிசர்' என்று எழுதிய இடங்களையெல்லாம் அடித்து 'இயக்குநர்' என்று மாற்றி, ஓரத்தில் கேள்விக்குறியும் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். என்னிடம் உள்ள ஆங்கில அகராதியில் 'பிரெஞ்சிலிருந்து வந்த சொல். மேடை அல்லது திரைப்பட இயக்குநர்' என்று தெளிவாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரரைப் பிரெஞ்சுச் சொல்லால் குறிப்பிடுவதில் ஆசிரியருக்கு என்ன கஷ்டம்?
- மேடைப்பித்தன், திருச்சி

பதில்: எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை ஐயா. கஷ்டமெல்லாம் அந்த இயக்குநருக்குத்தான்.

பாரிஸில் ஏதாவது படப்பிடிப்பு நடக்கும் தெருவுக்குப் போய் "ரெஜிஸர் எங்கே?" (நீங்கள் 'ரெழிசர்' என்று எழுதியவர்தான்) என்று விசாரித்துப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை யாரும் காட்ட மாட்டார்கள். தெருவை மறிக்க அனுமதி வாங்கியவர், வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று பார்ப்பவர், யூனிட்டுக்குத் தங்குமிடமும் வேளாவேளைக்குச் சாப்பாடும் ஏற்பாடு செய்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் கொண்டுபோய் விடுவார்கள். நம் கோடம்பாக்கத்தின் புரொடக்ஷன் மேனேஜருக்கு ஏறக்குறைய அண்ணன் முறை. நாடக அரங்கிலும் இதே கதைதான்: விளக்குக்கு ஒரு ரெஜிஸர், ஒலிக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர். சினிமாவையும் நாடகத்தையும் விட்டு வெளியே வந்தால், பண்ணையாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியஸ்தருக்கும் பிரெஞ்சில் இதுவே பெயர். உங்கள் கட்டுரையில் ஒரு பெரிய கலைஞரைப் பக்கத்துக்குப் பக்கம் காரியஸ்தர் என்று அழைத்திருக்கிறீர்கள்.

அப்படியானால் அகராதி பொய் சொல்கிறதா என்றால், இல்லை. பிரெஞ்சிலிருந்து ஜெர்மனிக்குப் போன இடத்தில் இந்தச் சொல்லுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அங்கே ரெஜிஸர் என்றால் இயக்குநரேதான். ரஷ்யாவிலும் அப்படித்தான், நாடக மேதை ஸ்டானிஸ்லாவ்ஸ்கியை ரஷ்யர்கள் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுவார்கள். ஆங்கில அகராதியில் நீங்கள் பார்த்த பொருள் பாரிஸில் வழங்கும் பொருள் அல்ல, பெர்லினிலும் மாஸ்கோவிலும் வழங்குவது. சொல் எந்த மொழியில் பிறந்தது என்று அகராதி சொல்லியிருக்கிறது. பிறந்த வீட்டில் இன்றைக்கு அதற்கு என்ன மரியாதை என்று சொல்ல அதற்கு இடமில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நிஜமாகவே புழங்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது பாலே நடனம். அங்கேயும் இது படைப்பாளியின் பட்டம் அல்ல. செர்கேய் கிரிகோரியெவ் என்று ஒருவர். தியாகிலெவின் புகழ்பெற்ற ரஷ்ய பாலே குழு 1909இல் பாரிஸில் முதன்முதலாக ஆடியதிலிருந்து 1929இல் தியாகிலெவ் இறக்கும்வரை, இருபது ஆண்டுகள் அதன் ரெஜிஸர் அவர்தான். நடனத்தை அமைத்தவர்கள் ஃபோகின், நிஜின்ஸ்கி, மாசின், பாலன்சின் என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். இவர் மாறவில்லை. ஒத்திகையை நடத்துவது, யார் எந்த வேடத்துக்கு என்று பார்ப்பது, அமைத்தவர் ஊரில் இல்லாதபோதும் அவர் சொல்லிக்கொடுத்தது சிதையாமல் மேடையேறச் செய்வது எல்லாம் இவர் பொறுப்பு. ஃபோகின் 1910இல் அமைத்த 'தீப்பறவை'யை 1954இல் ஓர் ஆங்கிலேயக் குழு மறுபடி மேடையேற்ற விரும்பியது. ஃபோகின் 1942லேயே காலமாகிவிட்டார். கிரிகோரியெவும், அதே பழைய குழுவில் ஆடிய அவர் மனைவி செர்னிசேவாவும் வந்து, அடவு அடவாகச் சொல்லிக்கொடுத்து மேடையேற்றினார்கள். அடுத்தவர் படைப்பை நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்து எடுத்துக்கொடுப்பது சாதாரண வேலை இல்லை. எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் 'தீப்பறவை' யாருடையது என்று கேட்டால் அவரே ஃபோகின் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.

சரி, பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இயக்குநரை என்னதான் சொல்கிறார்கள்? சினிமாவில் ரேயலிசத்தர். நாடகத்தில் மெத்தர் ஆன் சேன், அதாவது மேடையில் அமைத்து வைப்பவர். இந்த இரண்டாவது பெயர் அரங்கில் கௌரவமானது. சினிமாவில் ஒரு காலத்தில் அதையே வசவாக்கினார்கள். 1954 ஜனவரியில் 'கஹியே து சினிமா' என்ற பிரெஞ்சு சினிமா இதழில், பின்னாளில் தானே இயக்குநரான த்ரூஃபோ எழுதிய கட்டுரையில் அந்த இடி விழுந்தது. திரைக்கதைக்காரர்கள் எழுதிக் கொடுத்ததோடு படம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள், அவர்கள் பார்வையில் மெத்தர் ஆன் சேன் வந்து அதற்கு ஃப்ரேம் வைக்கிறவர், அவ்வளவுதான் என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அந்த வயதுக்கே உரிய கொழுப்பு கட்டுரை முழுக்கத் தெரியும். எதிரில் நிறுத்திய சொல் 'ஓத்தர்', படத்தில் தன் முத்திரையைப் பதிக்கும் இயக்குநர் என்ற பொருளில். பிரெஞ்சில் நூலாசிரியருக்கு வழங்கும் வெகு சாதாரணமான சொல் அது. 1962இல் அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் அதை ஒரு கோட்பாடாக்கி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே இன்னொரு அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் அவரை வறுத்தெடுத்தார். சொல் என்னவோ ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. உங்களுக்குப் பிரெஞ்சு வாசனை வேண்டும் என்றால் அதைப் போட்டிருக்கலாம். அதுவும் எல்லோருக்கும் போட முடியாது.

வேர் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. ரெஜிஸர் வந்தது 'ரெஜிர்' என்ற பிரெஞ்சு வினையிலிருந்து. அது லத்தீனின் 'ரெகெரே'யிலிருந்து. ஆளுதல், நேராக நடத்துதல் என்று பொருள். நீங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய 'டைரக்டர்' இருக்கிறதே, அதுவும் அதே லத்தீன் வினையின் பேத்திதான். நம் நாவில் புழங்கும் 'ராஜா'கூட இந்த வகையில் தூரத்து உறவு. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று படம் எடுக்கிறது, இன்னொன்று பந்திக்கு இலை போடுகிறது.

ஈழத்து நாடகக்காரர்கள் இந்த வேலையை 'நெறியாள்கை' என்கிறார்கள், செய்பவர் நெறியாளர். நேராக நடத்துவதும் ஆளுவதும் இரண்டும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. லத்தீன்காரனைக் கேட்டு வைத்ததாகத் தெரியவில்லை. பொறாமையாக இருக்கிறது. இருந்தாலும் எங்கள் வாசகர்களுக்குப் பழகியது இயக்குநர் என்பதால் அதையே வைத்தேன்.

'ரெழிசர்' பற்றியும் ஒரு வார்த்தை. உச்சரிப்புக் குறிப்பில் 'zh' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்த்து அது நம் ழகரம் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். 'தமிழ்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் போடும் அதே எழுத்துகள்தான், ஒலி வேறு. பிரெஞ்சுக்காரர் நாக்கை மடிப்பதில்லை. பல்லுக்குப் பின்னால், ஷவும் ஜவும் கலந்த மாதிரி உரசி விடுகிறார். நம் எழுத்தில் அதற்கு நேர் இல்லை. 'ஜ' போட்டு ஒப்பேற்றலாம்.

கடைசியாக அந்தக் கேள்விக்குறி. அதற்கு நீங்கள் விளக்கமே கேட்கவில்லை. உங்கள் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் இயக்குநர் என்று ஒருவர் பெயர் இருக்கிறது. படத்தின் பெயர்ப்பட்டியலை ஓடவிட்டுப் பார்த்தேன். அவர் பெயர் 'ரெஜி' என்ற சொல்லுக்கு எதிரே வருகிறது, ஓட்டுநர்களுக்குச் சற்று மேலே. இயக்குநரின் பெயர் 'ரேயலிசாசியோன்' என்பதற்கு எதிரே இருக்கிறது. பார்த்துத் திருத்தி 20ஆம் தேதிக்குள் அனுப்பினால் அடுத்த இதழில் போட்டுவிடலாம்.