வீட்டு மாமரத்தில் பூசண நோய்கள்: கேள்வி பதில்

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): நன்றாகப் பூத்த எங்கள் நீலம் மரத்தின் பூங்கொத்துகள் மாவு தூவியதுபோல் வெளுத்து உதிர்கின்றன. காரணம் பனியா?

பதில்: பனி துணைக்காரணமே, இது சாம்பல் நோய். மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளில் இந்தப் பூசணம் பூக்காம்புகளில் வெண்பொடியாகப் படர்ந்து, பிஞ்சு பிடிக்குமுன்பே பூவைக் கொட்டச் செய்துவிடும். நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, பூங்கொத்து நீளத் தொடங்கும்போதே தெளிக்க வேண்டும். பூ விரிந்தபின் தெளித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் விலகிவிடும். உச்சி வெயிலில் தெளித்தால் கந்தகமே இலையைக் கருக்கிவிடும். கருகிய கொத்துகளுக்காக இப்போது செலவழிக்க வேண்டாம்.

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி): இலைகளெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டன. இரண்டு முறை பூசணக்கொல்லி தெளித்தும் பயனில்லை.

பதில்: ஓர் இலையை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு விரலில் ஒட்டிக்கொண்டு, அடியில் பச்சை தெரிந்தால் அது கரும்பூசணம். அது இலைக்குள் நுழைவதில்லை. தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி போன்றவை கழிக்கும் இனிப்பு நீரின்மேல் வளர்வது. எறும்புகள் சாரைசாரையாக மரமேறுவதும் அந்த இனிப்புக்காகத்தான். ஆகவே முதலில் வேப்பெண்ணெய்க் கரைசலால் பூச்சியைக் கட்டுப்படுத்துங்கள். பிறகு 1 கிலோ மைதாவை 5 லிட்டர் நீரில் காய்ச்சி, 20 லிட்டராக்கி, வடிகட்டித் தெளித்தால், வெயிலில் காய்ந்த பசை செதில் செதிலாக உரியும்போது கரியையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். மேகமூட்டமான நாளில் செய்தால் மரத்துக்குக் கஞ்சி வார்த்ததோடு முடியும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): பறிக்கும்போது மாசற்றிருந்த காய், பழுத்ததும் கரும்புள்ளி விழுந்து அழுகுகிறது.

பதில்: இது ஆந்த்ராக்னோஸ் என்னும் பூசண நோய். பிஞ்சிலேயே தொற்றி, பழுக்கும்வரை உறங்கிக்கிடக்கும். பறித்த அன்றே காய்களை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடம் அமிழ்த்தி, நிழலில் உலர்த்துங்கள். அறுவடைக்குப் பின் காய்ந்த குச்சிகளை வெட்டி எரியுங்கள். மழைநீர் நோய் வித்துகளை அவற்றிலிருந்துதான் இறக்குகிறது.

கேள்வி (கிருமாம்பாக்கம்): 2024 ஃபெஞ்சல் புயலில் முறிந்த கிளை, நுனியிலிருந்து அடிநோக்கிக் காய்ந்துகொண்டே வருகிறது.

பதில்: காய்ந்த பகுதிக்கு 10 சென்டிமீட்டர் கீழே, பச்சை மரத்தில் அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை என்னும் பூசணக்கொல்லியைப் பூசுங்கள். அதற்கு 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, ஆறியபின் கலக்க வேண்டும். துருவில்லாத இரும்பாணியைக் கலவையில் சிறிது நேரம் வைத்தெடுங்கள். அதன்மேல் செம்புநிறம் ஏறியிருந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்புப் பால் சேர்த்த பின்பே பூசுங்கள்.